காரைநகரும் அச்சேறிய படங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊர் வரலாறுகளையும் மலர்களையும் பதிப்பிப்போர், எழுத்துச் சான்றுகளைத் திரட்டிய பின்னரே படங்களைத் தேடத் தலைப்படுகின்றனர். கட்டுரைக்கு ஆதாரம் கேட்போர் படத்துக்கு ஆதாரம் கேட்பதில்லை. இவ்வழக்கத்தால் நேரும் இடர்ப்பாடுகளுக்குக் காரைநகர் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அக்காலத்தில் இங்கு சமயப் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார், இலங்கையையும் தென்னிந்தியக் கரைகளையும் பற்றிய தம் நூலை 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்டார். ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களையே இட்டனர். காரைதீவு 'அம்ஸ்ரர்டாம்' ஆயிற்று. வேலணைத்தீவு 'லெய்டன்' ஆயிற்று. அந்நாளைய ஐரோப்பிய நூல்களின் செப்புத்தகட்டுப் படங்களைச் செதுக்கியோர் பெரும்பாலும் கீழ்த்திசையைக் கண்டறியாதவர். பிறர் வரைந்தனுப்பிய கோட்டுருவங்களே அவர்க்கு ஆதாரம். ஆகவே அப்படங்கள் ஆட்சியாளரின் நோக்குக்குச் சான்றாகுமேயன்றி, ஊரின் தோற்றத்துக்கு முழுச் சான்றாகா.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையின் நிலையும் இதுவே. போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டையை ஒல்லாந்தர் வலுப்படுத்தினர். இலங்கை பன்றித் தொடையின் வடிவினது என்றும், இவ்விடம் அதன் குதிகால் என்றும் கருதி அவர்கள் இட்ட பெயர் அது. தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவனுக்கன்றிக் கரையில் நிற்கும் மீனவனுக்கு அவ்வுவமை தோன்றாது! எனினும் காரைநகர் பற்றிய வெளியீடுகளில் இக்கோட்டையின் படமே எளிதில் இடம்பெறுகின்றது. காவலும் சிறையுமாக விளங்கிய கட்டடமொன்று ஊருக்கு முகமாவது பொருத்தமன்று.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இலங்கையில் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிழற்பட நிலையங்கள் தோன்றின. எடுத்துவைத்த படங்களைப் பயணிகளுக்கும் பதிப்பாளருக்கும் விற்பது அவற்றின் தொழில். இன்று கணினி வழி விற்கப்படும் பொதுப்படங்களுக்கு இவற்றை முன்னோடி எனலாம். தேயிலைத் தோட்டமும் கண்டியும் அவற்றில் மிகுதி. மனிதரோ 'தமிழ்ப் பெண்' என்பது போன்ற பொதுப்பெயராலேயே பெரிதும் குறிக்கப்பட்டனர். ஆளும் ஊரும் மறைந்தன. அத்தகைய படமொன்றை எடுத்துக் 'காரைநகர்ப் பெண்' எனத் தலைப்பிடுவது வரலாற்றுப் பிழையாகும்.

பெயரும் ஒரு சிக்கல். கிழக்கிலங்கையில் மட்டக்களப்புக்குத் தெற்கேயும் ஒரு காரைதீவு உண்டு. புத்தளப் பகுதியில் இன்னொன்றும் உண்டு. இம்மயக்கம் நீங்கவே 1920களில் வடக்கிலுள்ள காரைதீவு காரைநகர் என்னும் பெயரைப் பெற்றது. எனவே 'காரைதீவு' என்னும் குறிப்புடைய பழைய படம் கிடைத்தால், அது எந்தக் காரைதீவு என்பதையே முதலில் தெளிதல் வேண்டும்.

உரிய படங்கள் இல்லாமற் போகவில்லை. அவை வீடுகளிலும் கோயில்களிலும் இருந்தன. ஈழத்துச் சிதம்பரத்தின் திருவாதிரை விழா, தென்னிலங்கை நகரங்களிற் கடை நடத்திய வணிகரின் குடும்பங்கள், நோர்வே உதவியுடன் அமைந்த சீநோர் படகுத்தளம் ஆகியன நிழற்படத்துக்குரிய பொருள்களாயிருந்தன. அச்சகங்களில் 'புளொக்' என வழங்கிய உலோகத் தகடு செய்வித்தற்குச் செலவு மிகுதியாதலால், அவற்றுட் சிலவே அச்சேறின. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் 'கல்வெட்டு' எனும் நினைவு நூல்களும், கும்பாபிடேக மலர்களுமே அவ்வாறு அச்சேறியவற்றைப் பெரிதும் காத்தன. வீதியில் இலவசமாகக் கிடைத்த நூலென்று கற்றோர் இவற்றை அலட்சியம் செய்தமை வருந்தத்தக்கது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1991இல் போர் காரணமாகக் காரைநகர் மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். 1996இன் பின்னரே மீளக் குடியேறத் தொடங்கினர். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பொன்னாலைத் தாம்போதியைக் கடப்பவர் நிழற்படத் தொகுப்பையா சுமப்பர்? ஒல்லாந்தரின் தேசப்படங்கள் ஐரோப்பிய ஆவணக்காப்பகங்களிற் பழுதின்றி உள்ளன. ஊரார் தம்மைத் தாமே எடுப்பித்த படங்கள்தாம் சிதறின.

இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மலர் வெளியிடும் காரைநகர்ச் சங்கத்தார் கணினியில் தேடினால் கசூரினாக் கடற்கரையின் அழகிய வண்ணப்படங்கள் உடனே தோன்றுகின்றன. அவை சுற்றுலாவுக்குப் போதும். 1960களின் வலந்தலைச் சந்தியைக் காட்ட அவை உதவா. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள் பல ஏற்றப்பட்டுள்ளன. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளிலும் திருமணப் படங்கள் எஞ்சியுள்ளன. மங்கலாயிருப்பினும், மணமக்களுக்குப் பின்னே கிடுகு வேலியும் கிணற்றுத் துலாவும் தெரிய, பின்புறத்தில் ஆண்டும் குறிச்சியும் எழுதப்பட்ட ஒரு படம் கிடைப்பின், கசூரினாவின் வண்ணப்படத்தை விலக்கி அதனையே முதற்பக்கத்தில் இடுதல் தகும்.