நாடி

நாடி என்பது உடலில் குருதி ஓடும் குழாய், அக்குழாயின் துடிப்பு, மூச்சும் உயிர்ப்பும் இயங்குவதாக யோக நூல்கள் சொல்லும் வழி. ஆகுபெயராக, ஒரு வட்டாரத்தை வாழவைக்கும் ஆற்றையும் சாலையையும் இருப்புப்பாதையையும் குறிக்கும். இந்தக் கடைசிப் பொருளில் 'உயிர்நாடி' என்று வருவதே பெருவழக்கு. தென்தமிழ்நாட்டில் மோவாய்க்கும் நாடி என்று பெயர் உண்டு. 'நாடியைப் பிடித்துக் கெஞ்சினாள்' என்பது அந்தப் பொருளில். 'நாடி வந்தான்' என்பதில் உள்ள வினையெச்சம் முற்றிலும் வேறு சொல்.

மலாய் மொழியிலும் இச்சொல் 'நாடி' என்றே வழங்குகிறது. தனியே நின்றால் துடிப்பு. 'உராட் நாடி' என்றால் குருதிக்குழாய், அதோடு பெருவழியும். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், கோல சிலாங்கூரிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த தமிழர் இந்தச் சொல்லை இரண்டு மொழியிலும் கேட்டுப் பழகியவர்கள். தோட்ட மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கையைப் பிடித்துப் பார்ப்பதும் நாடி, மலாய்ச் செய்தியில் நெடுஞ்சாலைக்குச் சொல்வதும் நாடி. ஒரே சொல் இரு மொழியிலும் இப்படி உடலுக்கும் சாலைக்கும் பொதுவாக நிற்கும் இடங்கள் அதிகமில்லை என்பதால், இக்கட்டுரை அவ்வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

சொல்லின் பிறப்பு

நாடியின் வேர் நாணல். வடமொழியில் 'நட', 'நள' என்பன உள்ளே துளையுள்ள நாணலைக் குறித்தன. அதிலிருந்து துளையுள்ள தண்டு நாளம் ஆயிற்று, குழல் நாடி ஆயிற்று. தாமரைத் தண்டையும் இரத்தக் குழாயையும் நாம் 'நாளம்' என்ற ஒரே சொல்லால் சொல்வது இதனால்தான். பொழுதை அளந்த 24 நிமிட நாழிகையும் இந்தக் குடும்பமே. 'நாடிகா' என்ற அளவுப்பெயர் திரிந்து நாழிகை ஆனது.

ருக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், யமனைப் பற்றிய 135-ஆம் பாடலில் நாடி வருகிறது. அங்கே அது வாயால் ஊதும் குழல். உடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் குழல் ஊதப்படுவதைச் சொல்ல அப்பாடல் எடுக்கும் வினை 'தம்' என்ற அடியிலிருந்து வருவது. துருத்தியையும் குழலையும் ஊதுவதற்கான அந்த அடியிலிருந்தே 'தமனி' என்ற சொல்லும் பிறந்தது. இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதயத்திலிருந்து வெளியேறும் குழாய்க்குத் தமனி என்றும், இலங்கைப் பாடநூல்கள் அதற்கே நாடி என்றும் பெயர் சொல்கின்றன. இவற்றுள் நாடி என்ற சொல்லும் தமனிக்கு அடியான வினையும் ஒரே பழம்பாடலின் ஒரே வரியில் அருகருகே நின்றவை என்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள எவரும் வியப்போடுதான் ஏற்பர்.

குழாய்க்குள் ஓடுவது காற்று என்ற எண்ணம் மேற்கிலும் இருந்தது. கிரேக்கத்தில் 'ஆர்த்தீரியா' முதலில் மூச்சுக்குழலின் பெயர். இறந்த விலங்கை அறுத்தால் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அதைக் கண்டுதான் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கோஸ் தீவின் பிராக்சகோரஸ், சிரையில் குருதியும் தமனியில் காற்றும் ஓடுவதாகப் பிரித்தார். உயிருள்ள விலங்கில் தமனியிலும் குருதியே இருப்பதை கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் காட்டினார். குருதி வட்டமாகச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி நூல் வெளியிட்டது 1628-இல். சொல் மட்டும் பழைய காற்றின் பெயரையே தாங்கி நிற்கிறது.

எண்ணிக்கையில் பழைய நூல்கள் ஒத்துப்போவதில்லை. சுசுருதர் கொப்பூழிலிருந்து கிளம்பும் 24 தமனிகளைக் கூறுகிறார்: மேல்நோக்கி 10, கீழ்நோக்கி 10, குறுக்காக 4. சிரைகள் 700 என்பது அவர் கணக்கு. யோக நூல்களும் சித்த நூல்களும் நாடிகள் 72,000 என்று கொண்டு, அவற்றுள் பத்தைத் தலைமையாக்குகின்றன. இடகலை, பிங்கலை, சுழுமுனை மூன்றும் அந்தப் பத்தின் முதன்மை. 72,000 என்பதை அறுத்து எண்ணிய கணக்காகக் கொள்ளக் கூடாது; உடம்பில் நாடி ஓடாத இடமில்லை என்பதே அதன் பொருள்.

பெருவழி உவமை

நாடியையும் சாலையையும் சேர்த்துப் பார்த்தது இக்காலச் செய்தித்தாள்தான் என்று நினைப்பது சரியல்ல. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அதிகாரம் இதயத்தின் நாடிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு பெருவழியை உவமையாகக் கொண்டுவருகிறது. நீண்டு கிடக்கும் ஒரு பெருவழி எப்படி இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் போகிறதோ, அப்படியே கதிரவனின் கதிர்களும் இவ்வுலகுக்கும் அவ்வுலகுக்கும் போகின்றன. கதிரவனிலிருந்து கிளம்பி நாடிக்குள் நுழைகின்றன, நாடியிலிருந்து கிளம்பிக் கதிரவனுக்குள் நுழைகின்றன என்பது அதன் கருத்து. இதயத்திற்கு 101 நாடிகள் என்ற கணக்கும் அவ்விடத்திலேயே வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது போக்கும் வரவும். அந்தப் பெருவழிக்கு இரண்டு முனை. இரண்டு முனையிலும் ஊர். உடற்கூறு சொல்லும் தமனியோ ஒருவழி; இதயத்திலிருந்து வெளியே மட்டும் கொண்டுபோகும், திரும்பக் கொண்டுவருவது சிரையின் வேலை. ஆங்கிலத்தில் வழங்கும் 'தமனிச் சாலை' என்ற உருவகத்தில் நகரம் இதயமாகிவிடுகிறது, மற்ற ஊர்கள் அதைச் சார்ந்த உறுப்புகளாகின்றன. சாலையை உள்ளபடி விளக்குவது உபநிடதத்தின் பழைய உவமைதான்.

நாடி நடை

மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதைத் தனிக்கலையாக வளர்த்தது சித்த மருத்துவம். சரகரும் சுசுருதரும் அதை விரித்துரைக்கவில்லை. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். அவை ஒன்று, அரை, கால் என்ற அளவில் நிற்பது நலம். ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் பார்ப்பது மரபு. துடிப்பை வைத்தியர்கள் 'நடை' என்றே சொன்னார்கள். வாதம் அன்னமும் கோழியும் மயிலும் போல நடக்கும், பித்தம் ஆமையும் அட்டையும் போல, கபம் தவளையும் பாம்பும் போல. 'நாடி விழுந்துவிட்டது', 'நாடி தளர்ந்துவிட்டது' என்ற பேச்சுவழக்குகளிலும் அது வழிப்போக்கன் போலத்தான் நடமாடுகிறது. பேச்சில் தமனிக்கும் சிரைக்கும் வேறுபாடு கிடையாது, இரண்டும் 'நரம்பு'. கையில் மருந்து ஏற்றுவது இன்றும் 'நரம்பு ஊசி'.

மேலை உடற்கூறு தமிழில் முதலில் விரிவாக எழுதப்பட்டது யாழ்ப்பாணத்தில். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884), கட்டர் எழுதிய உடற்கூறு நூலை 1852-இல் தமிழில் வெளியிட்டார். 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. யாழ்ப்பாணத் தமிழர் பின்னாளில் மலாயாவுக்குக் கிராணிகளாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் பெருமளவில் சென்றனர். மலேசியாவில் இப்போது தமிழ்ப்பள்ளியில் நாடித்துடிப்பு என்று படிக்கும் பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே பாடத்தில் 'ஆர்த்தெரி', 'வெனா' என்று படிக்கிறது.

பால்மரத்தின் நாளங்கள்

தோட்டத் தமிழர் கையால் அறிந்த நாளம் மனித உடலில் இல்லை, பால்மரத்தில் இருந்தது. ரப்பர் மரத்தின் பட்டையில், வளரும் படலத்தை ஒட்டிய மென்பகுதியில், பால் நாளங்கள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. அவை நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. மரத்திற்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு, சில டிகிரி வலப்புறம் சாய்ந்து மேலேறும். வெட்டு எப்போதும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வருவதற்குக் காரணம் இந்தச் சாய்வே. அப்படி வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். உளி ஏறக்குறைய 30 டிகிரிச் சரிவில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் வளரும் படலம் காயப்பட்டு அவ்விடம் முண்டு கட்டும். குறைந்தால் பால் வராது. அந்த ஆழத்தை இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் தவறாமல் பிடித்தவர்கள் தமிழ்ப் பெண்களும் ஆண்களும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் எச். என். ரிட்லி மரத்தைக் கொல்லாமல் வெட்டும் முறையை வகுத்தார் என்று நூல்கள் போற்றுவது நியாயமே. அதை ஒவ்வொரு நாளும் செய்து காட்டிய கைகளின் திறமைக்கு அந்த அளவு இடம் தரப்பட்டதில்லை.

மரத்திற்கு இதயம் கிடையாது. பாலைத் தள்ளுவது நாளத்திற்குள் இருக்கும் நீரழுத்தம். இலை வழியே நீர் போகாத இரவு முடிவில்தான் அது உச்சம். ஆகவே விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு மரவரிசையான நிரைக்குப் போய் வெட்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் நாளங்களின் வாய் தானே அடைத்துக்கொள்ளும். மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, கெட்டியாகுமுன் ஸ்டோரில் சேர்க்க வேண்டும்.

ஆறும் சாலையும்

கோல சிலாங்கூருக்கு முதல் வழி சிலாங்கூர் ஆறு. மலாய்மொழி ஆற்றுக்கும் உடம்பின் பெயர்களை இட்டிருக்கிறது. ஆற்றின் மேற்பகுதி 'ஹுலு'. அரசகுல வழக்கில் அதற்குத் தலை என்று பொருள். 'பாத்தாங்' தண்டு, 'பாத்தாங் துபுஹ்' என்றால் கைகால் நீங்கிய உடம்பு, ஆற்றின் பெயருக்கு முன்னால் வந்தால் பேராறு. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரின் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தையில் இருப்பதும் இச்சொல். குருதிக்குழாய்க்கு மலாயில் உள்ள இன்னொரு பெயர் 'பெம்புலுஹ் நாடி'. புலுஹ் என்றால் மூங்கில். கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர் போகும் சாலையில் வரும் சுங்கை பூலோ, மூங்கில் ஆறு. வடமொழியில் நாணலிலிருந்து கிளம்பிய சொல்லும் மலாயில் மூங்கிலிலிருந்து கிளம்பிய சொல்லும் இணைந்து அப்பெயரில் நாடியைக் குறிக்கின்றன.

ஆற்று முகத்தைப் பிடித்தவருக்கே மேலாற்றின் ஈயம். 1784-இல் டச்சுக்காரர்கள் கோல சிலாங்கூரின் மெலாவத்தி மலைக்கோட்டையைக் கைப்பற்றி ஆல்திங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் மீட்டார். 1907-இல் மலைமேல் கலங்கரைவிளக்கம் எழுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழிந்து பால்மரம் வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் கங்காணிகளோடு வந்தனர். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1915 முதல் 1960 வரை இயங்கியது; குவாங்கிலிருந்து அதற்கு ரயில் ஓடியது. ரப்பர் கிள்ளான் பக்கம் போய்த் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. அதே வழியில் அரிசியும் கடிதமும் புதுமணப்பெண்ணும் தோட்டத்திற்கு வந்தனர். ஏற்றுமதிக் கணக்குக்குப் போக்கே பெரிது. லயத்து வீடுகளுக்கு வரவே பெரிது.

1917-இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இதே வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். மலாயாவைக் களமாகக் கொண்ட நாவலுக்கு 1930-இல் கொன்கூர் பரிசு பெற்றவர் இவரே. செம்பனை சாலையின் தேவையைப் பலமடங்கு கூட்டியது. வெட்டிய குலை அடிபட்டதும் எண்ணெயில் அமிலம் ஏறத் தொடங்கும். 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். பாலை ஆள் சுமந்து கொண்டுபோகலாம், குலையைச் சுமக்க முடியாது. ஆகவே செம்பனை வந்த தோட்டங்களில் செம்மண் ரோடுகள் கட்டம் கட்டமாகப் பிரிந்து, மழையிலும் லாரி போகும்படி கல் போட்டு இறுக்கப்பட்டன.

இன்றைய நிலை

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாக வடக்கே செல்லும் கூட்டரசுச் சாலை 5, கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ, ஈஜோக் வழியாக அசாம் ஜாவா வரும் சாலை 54 ஆகியன இப்பகுதியின் முதன்மை வழிகள். ஈஜோக்கை டெம்ப்ளர் பூங்காப் பகுதியோடு சேர்க்கும் லாத்தார் நெடுஞ்சாலை 2011-இல் திறக்கப்பட்டது. மேற்குக் கடற்கரை நெடுஞ்சாலை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு வருகிறது. கோல சிலாங்கூர் நகருக்கு ரயில் இல்லை. தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். திருவிழாக் காலங்களில் தோட்டத்துக் கோயில்களுக்கு இந்தச் சாலைகள் வழியாகவே வருகிறார்கள்.