மாய்புவாவின் இரண்டு முயல்கள்

1952 ஜூன் மாதம். பாரிஸுக்கு மேற்கே மாய்புவா என்ற ஊரில், பால்-ஃபெலிக்ஸ் ஆர்மான்-டெலில் தன் எஸ்டேட்டில் இரண்டு முயல்களைப் பிடித்து ஊசி போட்டு விட்டார். ஓய்வுபெற்ற மருத்துவர். எஸ்டேட்டைத் தின்று தீர்க்கிற முயல்கள் ஒழிந்தால் போதும் அவருக்கு. ஊசியில் இருந்தது மிக்ஸோமா வைரஸ். 1950இல் ஆஸ்திரேலிய அரசே அதைப் பரப்பி முயல்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றிருந்தது. ஆனால் அங்கே முயல் வந்தேறி. அதன் பூர்வீகமே ஸ்பெயினும் தெற்கு பிரான்ஸும்தான்.

எஸ்டேட்டைச் சுற்றி மதில் இருக்கிறதே, நோய் எங்கே போகும் என்று நினைத்தார். மதில் முயலைத் தடுக்கும், சரி. கொசுவை? இரண்டே ஆண்டுகளில் பிரான்ஸின் காட்டுமுயல்களில் 90 சதவீதம் காலி. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள், நீதிமன்றம் 5000 பிராங்க் அபராதம் போட்டது. 1956இல் அதே மனிதருக்குப் பதக்கமும் கிடைத்தது! மரக்கன்றுகளை முயலிடமிருந்து காப்பாற்றினாராம்.

பிரெனீஸ் மலைக்குத் தெற்கே இதற்கான விலையைக் கொடுத்தது ஐபீரிய லின்க்ஸ். காதுநுனியில் கறுப்பு முடிக்கற்றையும் கன்னத்தில் தாடியும் உள்ள புள்ளிப்பூனை. அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி முயல்தான், நாளுக்குச் சுமார் ஒன்று. எங்கள் தொழிலில் ஒரே சர்வரை நம்பி ஓடும் சிஸ்டத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். இந்தப் பூனையின் வாழ்க்கையே அப்படித்தான். போதாக்குறைக்கு, பிராங்கோ ஆட்சி 1953இல் 'தீங்கு விலங்குகளை' ஒழிக்கக் குழுக்கள் அமைத்து, கொன்றவர்களுக்குச் சன்மானம் கொடுத்தது. 1980களின் இறுதியில் முயல்களுக்கு இன்னொரு வைரஸ் வந்தது. 2002 கணக்கெடுப்பில் மிஞ்சியவை 100க்கும் குறைவு. டோன்யானா, அண்டூஹர் என்று இரண்டே இடங்களில்.

கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்யலாம் என்றார்கள். 2005 மார்ச்சில் எல் அசெபூச்சே மையத்தில் சலியேகா என்ற பெண் லின்க்ஸ் மூன்று குட்டிகள் போட்டது. கூண்டில் பிறந்த முதல் ஈற்று அதுதான். ஆறாவது வாரவாக்கில் பிரேசோ என்ற குட்டி தன் சகோதரி பிரேசினாவோடு சண்டை போட்டதில் பிரேசினா செத்துப்போனது. எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த வயதில் லின்க்ஸ் குட்டிகள் இப்படி அடித்துக்கொள்வது இயல்பு என்பது பிறகுதான் புரிந்தது. அப்புறம் கேமரா வைத்துக் கண்காணித்து, சண்டை வந்தால் பிரித்துவிட்டார்கள்.

2023இல் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சேர்த்து 2000ஐத் தாண்டிவிட்டது எண்ணிக்கை. 2024 ஜூனில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் லின்க்ஸை 'அழியும் அபாயம்' என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, அபாயம் குறைந்த பிரிவில் வைத்தது. பூனை விட்டுப்போன அந்தப் படியில் 2019லேயே ஏற்றப்பட்டு இன்னும் நிற்பது ஐரோப்பிய முயல்.