முத்திரையிட்ட ஒளி

சாலையோரம் நிற்கும் பத்தாண்டுப் பழமையான கார் ஒன்றைச் சற்று உற்று நோக்குங்கள். எஞ்சின் சீராக ஓடும். உடலின் வண்ணமும் பெரிதாக மங்கியிராது. முகப்பு விளக்குகள் மட்டும் புரை விழுந்த கண்களைப் போல் மஞ்சள் பூத்துக் கிடக்கும். அதே சாலையில் எப்போதேனும் எதிர்ப்படும் பழைய அம்பாசடரின் வட்ட விளக்கையும் பாருங்கள். வயது முப்பதைக் கடந்த பின்னரும் அதன் கண்ணாடி தெளிவாகவே இருக்கும்! பழையது தெளிந்திருக்கப் புதியது மங்குவானேன்? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை அமெரிக்கச் சட்டங்களுக்கும் ஜெர்மானிய வேதிக்கூடம் ஒன்றுக்கும் இட்டுச் செல்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்கு ஒளி தந்தது அசிட்டிலீன் வாயு. கால்சியம் கார்பைடின்மீது நீர் சொட்டச் சொட்ட வாயு எழும். அதைக் கொளுத்தினால் வெண்சுடர் கிடைக்கும். 1912ஆம் ஆண்டு மாதிரியில் கெடிலாக் நிறுவனம் மின்சாரத்தால் எஞ்சினை முடுக்கும் வசதியையும் மின்விளக்கையும் ஒருங்கே அளித்த பிறகு சுடரின் காலம் முடிவை நோக்கி நகர்ந்தது. ஆயினும் மங்கல் என்னும் நோய் விளக்கை விட்டு அகலவில்லை. அன்று அது பற்றியது கண்ணாடியை அன்று. விளக்கின் உள்ளே ஒளியைத் திருப்பி வீசும் பிரதிபலிப்பானை. ஈரமும் தூசியும் உட்புகுந்து அதன் வெள்ளிப் பூச்சைக் கறுக்கச் செய்தன. பல்பு புதிதாக இருந்தும் சாலை இருண்டது.

இதற்கு அமெரிக்கர் கண்ட தீர்வு எளிமையானது. இழை, பிரதிபலிப்பான், முன்கண்ணாடி மூன்றையும் ஒரே கூடாக்கிக் காற்றுப் புகாதவாறு மூடிவிடுவது. 'சீல்டு பீம்' எனப்பட்ட இவ்விளக்கு 1940 முதல் அங்கே விதியாயிற்று. ஏழு அங்குல விட்டமுள்ள வட்ட விளக்குகள் இரண்டு. எந்த நிறுவனத்தின் காராயினும் அதே அளவு. இழை அறுந்தால் முழு விளக்கையும் கழற்றி எறிந்துவிட்டு, அருகிலுள்ள கடையில் மற்றொன்றை மலிவாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. இழை அறும்போதெல்லாம் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் சேர்ந்தே புதிதாகிவிடுகின்றன. முதுமை எய்த அவ்விளக்குக்கு வாய்ப்பே இல்லை!

கார் வடிவமைப்பாளர்களுக்கோ இவ்விதி ஒரு கால்விலங்கு. 1957-58இல் நான்கு சிறு விளக்குகளுக்கும், 1970களின் நடுவில் செவ்வக விளக்குகளுக்கும் இசைவு கிடைத்தது. முத்திரை மட்டும் நீடித்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி நிலைமையை மாற்றியது. எரிபொருளைச் சேமிக்கக் காற்றைக் கிழித்துச் செல்லும் முகப்பு வேண்டும். நிமிர்ந்து நிற்கும் தட்டைக் கண்ணாடி அதற்குத் தடை. 1981இல் ஃபோர்டு நிறுவனம் விதியைத் தளர்த்தக் கோரியது. 1983இல் இசைவு பிறந்தது. 1984ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் காண்டினென்டல் மார்க் செவன், காரின் வளைவோடு இயைந்த விளக்கும் தனியே மாற்றத்தக்க பல்பும் கொண்டு அமெரிக்கச் சாலைக்கு வந்தது.

அவ்வளைவுகளுக்குக் கைகொடுத்த பொருள் பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டறிந்த நெகிழி இது. எடை கண்ணாடியில் பாதி, எவ்வடிவிலும் வார்க்கலாம், கல் தெறித்தாலும் எளிதில் உடையாது. குறை ஒன்றே. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் இதன் மேற்பரப்பு சிதைந்து மஞ்சளாகிறது. மணலும் தூசியும் எளிதில் கீறிவிடுகின்றன. ஆகவே தொழிற்சாலையிலேயே அதன்மீது தலைமயிரினும் மெல்லிய காப்புப் பூச்சு ஒன்று ஏற்றப்படுகிறது. அம்மெல்லிய படலமே புதிய காலத்தின் முத்திரை.

அம்முத்திரைக்கு ஆயுள் எவ்வளவு? அமெரிக்க விதி, விளக்கின் நெகிழியைப் புளோரிடா, அரிசோனா மாநிலங்களின் வெட்டவெளியில் மூன்றாண்டுகள் காயவைத்துச் சோதிக்கச் சொல்கிறது. அந்நாட்டில் ஓடும் கார்களின் சராசரி வயதோ இன்று பன்னிரண்டுக்கு மேல். மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட இருட்டு யார் பொறுப்பு? இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் காரை வாங்குபவர் பொறுப்பு என்பதே வரலாறு தரும் விடை. இது அழகு பற்றிய சிக்கல் அன்று. ஏஏஏ எனப்படும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கிய விளக்குகள் தந்த ஒளி புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சியதில் ஒரு பகுதி சிதறி எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்கிறது. சாலையைக் கடக்கும் முதியவர் ஓட்டுநரின் கண்ணில் படுவதும் படாமற்போவதும் இக்கணக்கில் அடங்கியுள்ளன.

நற்செய்தி யாதெனில், நோய் பெரும்பாலும் தோலளவே. விளக்கைக் கழுவிச் சுற்றிலும் டேப் ஒட்டி, நீர் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்க்கவேண்டும். 800ஆம் எண்ணில் தொடங்கி 1500, 2000, 3000 எனப் படிப்படியாக நுண்தாளுக்குச் செல்லவேண்டும். முதலில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். அதுவே சிதைந்த பழம்பூச்சு. பின்னர் பாலிஷ் இட்டால் நெகிழி பளிச்சென்று தெளியும். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். பற்பசையால் தேய்த்து மகிழ்வோரும் இவ்வகையினரே. பற்பசையும் ஒரு மென்மையான உராய்பொருள்தான். ஆனால் தேய்த்தபோது மஞ்சளோடு எஞ்சியிருந்த காப்பும் போய்விட்டது. ஆடையின்றி வெயிலில் நிற்கும் நெகிழி சில மாதங்களிலேயே மீண்டும் மங்கும். ஆதலின் எண்ணெய்ப் பசை நீங்க ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் பூசுவதே சிகிச்சையின் உயிர்நிலை. கடினமாக்கி கலந்த கிளியர் நெடுநாள் உழைக்கும். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதால் தக்க முகக்கவசமும் திறந்த வெளியும் கட்டாயம்.

சில நோய்களுக்கு இம்மருந்து உதவாது. உட்புறம் நீர் கோத்திருந்தால் விளிம்பின் ஒட்டுப்பசை பழுதுபட்டிருக்கலாம். பிரதிபலிப்பான் கருகியிருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, விளக்கையே மாற்றவேண்டும். மேற்சொன்ன ஆய்விலும் கையால் தேய்த்துச் சீர்செய்த விளக்குகள் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டு ஒளியையே மீட்டன. ஐந்தில் ஒன்றிலிருந்து எழுபது விழுக்காடு என்பது, சில நூறு ரூபாயும் ஓர் அரைநாள் உழைப்பும் தரும் பலன் என்ற வகையில் சிறிதன்று.

ஒளியைக் காத்தது எப்போதும் ஒரு மூடியே. 1940இல் அது கண்ணாடிக் கூடாக இருந்தது. இன்று கண்ணுக்குப் புலப்படாத படலமாக இருக்கிறது. முன்னதைச் சட்டம் காத்தது. பின்னதை உரிமையாளரே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே, அடுத்த முறை விளக்கைப் பளபளப்பாக்கித் தருகிறோம் என்று எவரேனும் முன்வந்தால், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தேய்த்து முடித்தபின் மேலே என்ன பூசுவீர்கள்?"