மெத்தைக்குள் இருந்த பதில்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஏழு வயது மகனுக்கு விடிகாலையில் அடுக்குத் தும்மல், பிறகு இளைப்பு. டாக்டர் தூசி அலர்ஜி என்றாராம். “ரெண்டு வேளையும் கூட்டித் துடைக்கிறேன் சார். காத்தைச் சுத்தம் பண்ற மெஷினும் வாங்கியாச்சு. நான் வீட்டைச் சரியா வெச்சுக்கலைன்னு மாமியார் சொல்றாங்க” என்றபோது குரல் உடைந்துவிட்டது. நான் மருத்துவன் இல்லை, வரலாறு நடத்தியவன். அவளுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அலர்ஜி என்ற சொல்லே 1906-ல்தான் பிறந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கிய சொல் அது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் வீட்டுத் தூசியின் சாற்றை ஆஸ்துமாக்காரர்களின் தோலில் செலுத்திப் பார்த்தார்கள். பலருக்குத் தடித்தது. சரி, தூசிதான். ஆனால் தூசி என்பது ஒரே பொருளா? நூலிழை, மண், பூஞ்சை, பூனை முடி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் எல்லாம் சேர்ந்ததல்லவா? அதில் எது குற்றவாளி என்று தெரிய நாற்பது வருடம் ஆயிற்று.

நெதர்லாந்தின் லெய்டன் நகரம்தான் இந்தக் கதையின் மையம். தாழ்ந்த நிலம், எங்கும் கால்வாய், ஈரம் ஊறிய வீடுகள். அங்கே ஸ்டார்ம் ஃபான் லேயுவன் என்ற பேராசிரியர், சுத்திகரித்த வெளிக்காற்று மட்டும் வரும் தனி அறை கட்டி நோயாளிகளைத் தங்கவைத்தார். பலருக்கு இளைப்பு தணிந்தது. வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி தொடங்கியது. 1928-ல் டெக்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர், படுக்கைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் இருக்கின்றன, ஆஸ்துமாவுக்கு அவையே காரணம் என்று எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. எனக்கு இந்த மனிதர்மேல் தனி இரக்கம் உண்டு.

1964-ல் லெய்டன் மருத்துவர் ஃபோர்ஹோர்ஸ்ட், உயிரியலாளர் ஸ்பீக்ஸ்மா குழுவினர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஈர வீட்டுத் தூசிக்கு வீரியம் அதிகம் என்பது முன்பே தெரிந்திருந்தது. அந்தத் தூசியில் உண்ணிகளும் அதிகம் என்று இவர்கள் காட்டினார்கள். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள உயிர். ஃபிரெஞ்சு அறிஞர் ட்ரூயெசார் 1897-லேயே அதற்குப் பெயர் வைத்திருந்தார், வேடிக்கை! அது கடிக்காது. நாம் உதிர்க்கும் தோலைத் தின்னும். தண்ணீர் குடிக்காமல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தோலும் ஈரமும் சேர்ந்து கிடைப்பது மெத்தை, தலையணையில்தானே?

1981-ல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. தொல்லை முக்கியமாக உண்ணியின் எச்சத்தில் இருக்கிறது என்று டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூவரும் வெளியிட்டார்கள். அந்தத் துகள் கொஞ்சம் கனமானது. மெத்தையை உதறினால் எழும்பும், சீக்கிரம் படிந்துவிடும். காற்று மெஷினுக்கு அது அதிகம் சிக்காததன் காரணம் இதுதான். தரையை எத்தனை முறை துடைத்தாலும் பையன் முகம் புதைத்துத் தூங்கும் தலையணை அப்படியே இருக்கிறதே!

நம் பாட்டிமார் தலையணையை வெயிலில் போட்டது நல்ல வழக்கம். காய்ந்தால் உண்ணி சாகும். ஆனால் எச்சம் அங்கேயே தங்கும், துவைத்தால்தான் போகும். உறைகளையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவைக்கச் சொன்னேன். உண்ணி புகாத மெத்தை உறையைப் பற்றியும் கேட்டாள். 2003-ல் இங்கிலாந்தில் ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், உறை மட்டும் போட்டதால் பலன் தெரியவில்லை. அதனால் அதை மட்டும் நம்பாதே, பஞ்சு பொம்மைகளைக் கட்டிலிலிருந்து எடு, சுவரில் கசிவு இருந்தால் முதலில் அதை அடை என்றேன்.

“அப்போ இன்ஹேலரை நிறுத்தலாமா சார்?” என்றாள். கூடவே கூடாது, அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது என்று கொஞ்சம் வகுப்பறைக் குரலிலேயே சொன்னேன். இந்தப் பதிவை மாமியாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.