காந்தியும் தோற்றுப்போன பத்தியங்களும்

சென்ற ஆண்டு ஆறு வாரம் நான் ஒரு பத்தியத்தில் இருந்தேன். உடலெங்கும் காரணமின்றித் தடித்துச் சிவந்து அரிக்கும் தொல்லை இரண்டாண்டுகளாக இருந்தது. எந்த உணவு ஒவ்வவில்லை என்று கண்டறிய, ஐயத்துக்குரிய அனைத்தையும் முதலில் விலக்கிவிட வேண்டும் என்றார் மருத்துவர். பால், தயிர், கோதுமை, முட்டை, வேர்க்கடலை, மீன், கத்திரிக்காய், தக்காளி எனப் பட்டியல் நீண்டது. எஞ்சியது சோறும் சுரைக்காயும் புடலங்காயும் பாசிப்பயறும்தான். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் உண்டதையும் உடலில் கண்டதையும் எழுதிவந்தேன். நாற்பத்திரண்டாம் நாள் எழுதியதும் முதல் நாள் எழுதியதும் ஏறக்குறைய ஒன்றே. நான்கு கிலோ எடை குறைந்திருந்தது. அரிப்பு குறையவில்லை.

காவாந்தண்டலத்தில், செய்யாற்றங்கரையில் உள்ள எங்கள் வீட்டில், என் தாயார் இந்த முயற்சியைத் தொடக்கத்திலிருந்தே ஐயத்துடன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கத்திரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்று அறிந்தவர் அவர். ஆகவே விலக்குவது அவருக்குப் புதிதல்ல. அவர் கேட்டது வேறு. "மருந்து சாப்பிட்டா பத்தியம் இருக்கறது சரி. மருந்தே இல்லாம பத்தியம் மட்டும் எதுக்குப்பா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. ஏமாற்றம் மட்டுமே இருந்தது. நோய் தீராததைவிட, இத்தனை நாள் நாவை அடக்கியது வீணாயிற்றே என்ற எண்ணம்தான் அதிகம் உறுத்தியது. அந்த மனநிலையில்தான் பல ஆண்டுகளுக்குப் பின் 'சத்திய சோதனை'யை மீண்டும் எடுத்தேன். இருபது வயதில் அரசியலுக்காக வாசித்த நூல் இது. உணவுச் சோதனை அத்தியாயங்களை அன்று வேகமாகப் புரட்டிக் கடந்திருந்தேன். இம்முறை அவற்றை மட்டுமே வாசித்தேன்.

*

தாயாரின் கேள்விக்கு ஒரு வரலாற்று விடை உண்டு. நம் சித்த மருத்துவத்தில் பத்தியம் மருந்தின் துணை. மருந்தின் வீரியத்தை முறிக்கும் பொருள்களை அது விலக்குகிறது. மருந்து நின்ற பின்னும் மறுபத்தியம் என்று சில நாள் நீண்டு, உடலை வழக்கமான உணவுக்குத் திருப்பி அழைத்துவருகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்கிறது.

நான் மேற்கொண்டது இந்த மரபைச் சேர்ந்ததல்ல. 1920களில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவர் உருவாக்கிய முறையின் வழிவந்தது. உணவு ஒவ்வாமை பற்றிய அவரது நூல் 1931இல் வெளிவந்தது. ஐயத்துக்குரிய உணவுகளை ஒருசேர விலக்குவது, உடல் அடங்கிய பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது, எதைச் சேர்க்கும்போது தொல்லை திரும்புகிறதோ அதைக் குற்றவாளி எனக் கொள்வது. விலக்கல் இங்கே சிகிச்சையன்று, விசாரணை. விசாரணையில் எவரும் குற்றவாளி இல்லை என்றும் தீர்ப்பு வரலாம். ஆனால் நாவை அடக்கி ஆறு வாரம் இருந்தவனுக்கு அதைத் தீர்ப்பாக ஏற்பது எளிதல்ல. விலக்கலை அவன் அதற்குள் தவமாக ஆக்கிக்கொண்டிருப்பான். தவத்துக்கு வரம் கிடைத்தாக வேண்டுமல்லவா?

விசாரணையும் தவமும் ஒரே மனிதருக்குள் வாழ்நாள் முழுதும் மோதிக்கொண்டிருந்ததற்குக் காந்தியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நவீன இந்தியாவில் இல்லை என நினைக்கிறேன்.

*

முதல் தோல்வி பிரிட்டோரியாவில். தாதா அப்துல்லாவின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற ஆண்டிலேயே, 1893 ஆகஸ்ட் 22ஆம் நாள், காந்தி சமைக்காத உணவுச் சோதனையைத் தொடங்கினார். வயது இருபத்து மூன்று. லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவர் ஏ.எஃப். ஹில்ஸ் பரப்பிய 'உயிர் உணவு'க் கொள்கை அவரை ஈர்த்திருந்தது. நெருப்பு உணவின் உயிராற்றலைக் கொன்றுவிடுகிறது என்பது அக்கொள்கை. ஊறவைத்த தானியம், கொட்டைகள், உலர்ந்த திராட்சை, பழம் என்று நாள்வாரியாகக் குறிப்பெழுதிக்கொண்டு உண்டார். பசியையும் சோர்வையும் அதே குறிப்பில் எழுதினார். இரு வாரத்துக்குள் சோதனையைக் கைவிட்டார்.

பின்னர் அவர் செய்ததுதான் முக்கியமானது. அந்த நாட்குறிப்பை அச்சங்கத்தின் ஏடான 'தி வெஜிடேரிய'னுக்கே அனுப்பினார். 1894 மார்ச்சில் அது வெளியாயிற்று. தான் மதிக்கும் தலைவரின் கொள்கை தன் உடலில் பலிக்கவில்லை என்பதை அத்தலைவரின் அவையிலேயே எழுந்து சொன்னதற்கு ஒப்பானது அது.

இரண்டாவது கதை நீண்டது, வலி மிகுந்தது. 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியும் அவரது நண்பர் காலன்பாக்கும் பாலை விட்டனர். ஜோகன்னஸ்பர்க் அருகே காலன்பாக் வாங்கிய ஆயிரத்து நூறு ஏக்கர் நிலத்தில், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக 1910இல் தொடங்கப்பட்ட அப்பண்ணையில் தமிழர் பலர் வாழ்ந்தனர். பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்ற ரய்சந்த்பாயின் கருத்து ஒரு காரணம். கல்கத்தாவில் பசுக்களை வதைத்துப் பால் கறக்கும் முறையைப் பற்றி வாசித்தது இன்னொரு காரணம். பாலோடு நிற்கவில்லை. தானியத்தையும் விட்டு, பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று சுருக்கிக்கொண்டார்.

1914இல் லண்டனில் நுரையீரல் உறை அழற்சி வந்தபோது, மருத்துவர் சொல்கேட்டுப் பால் அருந்துமாறு கோகலே வற்புறுத்தினார். குருவாக மதித்தவரின் சொல் அது. ஒரு நாள் அவகாசம் கேட்டு, யோசித்து, மறுத்துவிட்டார் காந்தி.

1918இல் கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள்சேர்க்க ஊர் ஊராக நடந்தபோது, அரைத்த வேர்க்கடலையும் எலுமிச்சையுமே பெரும்பாலும் உணவு. சீதபேதி கண்டது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூர்பா ஆக்கிவைத்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் பாசிப்பயற்றையும் வயிறார உண்டுவிட்டார். நோய் முற்றிற்று. மரணம் நெருங்கிவிட்டதென்றே நம்பினார். 1919 ஜனவரியில் பம்பாயில் மருத்துவர் தலால், பாலின்றி இந்த உடம்பைத் தேற்ற முடியாது என்றார். விரதம் இருக்கிறதே என்றார் காந்தி. அருகில் நின்ற கஸ்தூர்பா கேட்டார், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை? விரதம் ஏற்றபோது மனத்தில் இருந்தது பசுவும் எருமையும்தான் என்பது உண்மை. காந்தி ஆட்டுப்பால் அருந்தினார்.

இந்த இடத்தைப் பலர் சாமர்த்தியமாகக் காண்பர், சிலர் நகைப்பர். அவர் எழுதியிருப்பதைப் படித்தால் இரண்டுக்கும் மனம் வராது. விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொன்றுவிட்டதாகவே அவர் கருதினார். ஆண்டுகள் கழிந்தும், ஆட்டுப்பாலை நினைக்கும்போது மகிழ்ச்சியில்லை என்கிறார். வாழவேண்டும், போராட்டத்தை நடத்தவேண்டும் என்ற ஆசை தன்னை வென்றதாக ஒப்புக்கொள்கிறார்.

அந்த ஆசை எங்கே கொண்டுசென்றது என்பதை நாம் அறிவோம். சில வாரங்களில் ரௌலட் சட்ட எதிர்ப்பு தொடங்கியது. 1919 மார்ச்சில் அவர் சென்னைக்கு வந்தபோது, சிறிது நேரம் நின்று பேசினாலே உடல் நடுங்குமளவுக்குப் பலவீனமாக இருந்தார். ராஜாஜியின் விருந்தினராக அங்கே தங்கியிருந்த ஒரு விடியற்காலையில்தான் நாடு தழுவிய கடையடைப்பு என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஏப்ரல் 6ஆம் நாள் இந்தியாவின் பெரும் பகுதி அதை நடத்திக்காட்டியது. தோற்ற பத்தியமொன்றை முறித்து எழுந்த உடல் அது என்பதை வரலாற்று நூல்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

*

ஒருவரின் உணவுச் சோதனை அவரோடு முடிந்துவிட்டால் சிக்கல் இல்லை. 1913இல் காந்தி தம் 'இந்தியன் ஒப்பினிய'னில் உடல்நலம் பற்றிக் குஜராத்தியில் ஒரு தொடர் எழுதியிருந்தார். பாலை விலக்கச் சொல்லும் தொடர் அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1921இல் சென்னையில் எஸ். கணேசனின் பதிப்பாக வெளிவந்தது. அதாவது, ஆசிரியர் ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கி இரண்டாண்டுகளுக்குப் பின், பால் வேண்டாம் என்னும் அவரது நூல் நம் ஊரிலிருந்து புறப்பட்டது. அவர் எழுதியவற்றுள் கிழக்கிலும் மேற்கிலும் மிக அதிகம் வாசிக்கப்பட்டது அந்தச் சிறுநூல்தான் என்று அவரே வியக்கிறார்.

'சத்திய சோதனை'யில் அதற்கு அவர் ஒரு திருத்தம் எழுதினார். அந்நூலை நம்பிப் பாலை விட்டவர்கள், தமக்கு எல்லா வகையிலும் நன்மை தெரிந்தாலொழியப் பிடிவாதமாகத் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். முன்பு அந்தப் பத்தியைக் கவனித்ததே இல்லை. இம்முறை அங்கேயே நின்றுவிட்டேன். தம் சொல்லை நம்பி எங்கோ ஒருவர் மெலிந்துகொண்டிருக்கக் கூடும் என்ற கவலை அதில் இருக்கிறது.

அத்தோடு அவர் அடங்கினாரா என்றால் இல்லை. 'சத்திய சோதனை' தொடராக வெளிவந்து முடிந்தது 1929இன் தொடக்கத்தில். அதே ஆண்டு மே மாதம், ஆந்திரப் பயணத்தில், ராஜமகேந்திரவரத்தைச் சேர்ந்த இயற்கை மருத்துவர் சுந்தரம் கோபாலராவைச் சந்தித்தார். பிரிட்டோரியாவில் விட்ட இடத்திலிருந்து, முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சமைக்காத உணவைத் தொடங்கிவிட்டார். ஆசிரமத்தில் சிலரும் சேர்ந்துகொண்டனர்.

ஜூன் மாத 'யங் இந்தியா'வில் தம் ஒருநாள் உணவை அளவோடு வெளியிட்டார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ். நெருப்புப் பட்டது தண்ணீர் மட்டுமே. ஒரு தோலா என்பது பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 8 தோலா 93 கிராம் அளவு வரும். இன்றைய உணவு அட்டவணைகளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் ஆயிரம் கலோரியை ஒட்டித்தான் வருகிறது. இடைவிடாது பயணமும் எழுத்துமாய் இருந்த ஐம்பத்தொன்பது வயதுக்காரருக்கு அது போதாது. அது மழைக்காலமும்கூட. பச்சைக் கீரையும் முளைப்பயறும் நீரின் மாசை நேரே குடலுக்குக் கொண்டுசேர்க்கக் கூடியவை என்பதை இன்று நாம் அறிவோம். ஆகஸ்டில் மீண்டும் சீதபேதி. சோதனையைக் கைவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதையும் அதே ஏட்டில் அறிவித்தார்.

கொள்கையை மட்டும் அவர் விடவில்லை. சமைக்காத உணவில் உண்மை இருக்கிறது, அதைக் காட்டும் வல்லமை தமக்கில்லை என்ற தொனியே அவரிடம் இருந்தது. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். உடல் தந்த தீர்ப்பை, தன் தகுதிக் குறைவாகப் படித்துக்கொள்ளும் பழக்கம் அது. பத்தியம் தோற்றால் பத்தியக்காரனே குற்றவாளி என்று நம்புவது தவத்தின் தர்க்கம். விசாரணையின் தர்க்கம் அதுவன்று. ஆனால் 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி மீண்டும் எழுதத் தொடங்கியபோது, பாலைப் போன்ற ஒன்று இன்றி உடலைக் காக்க முடியாது என்பதைத் தம் அனுபவத்தின் முடிவாகவே சொன்னார். ஒரு வாழ்நாள் பிடித்தது அந்த வாக்கியத்துக்கு.

*

காவாந்தண்டலத்துக்காரர்கள் உத்திரமேரூருக்குச் செல்லும்போது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைச் சுற்றியே கடந்து செல்கிறோம். குடவோலைத் தேர்தலுக்காக அதைப் புகழாதவர் இல்லை. நான் மாணவர்களிடம் வேறொன்றைச் சொல்வதுண்டு. அங்கே இருப்பவை இரண்டு ஆணைகள். முதலாம் பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், 919இல், ஒரு முறை வகுத்தார்கள். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி மற்றொன்று வகுத்தார்கள். முதலாவதைச் செதுக்கி அழித்துவிடவில்லை. போதாமற்போன விதியும் அதன் திருத்தமும் ஒரே கோயிலின் கல்லில் நிற்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊராரின் சிந்தனை எவ்வாறு நகர்ந்தது என்பதை நாம் அறிவது அதனால்தான்.

காந்தியின் உணவுக் குறிப்புகளையும் நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். அவரது பத்தியங்களில் பெரும்பாலானவற்றை இன்று யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. சில ஆபத்தானவை. ஆனால் தோல்வியின் தேதி, அளவு, அறிகுறி அனைத்தையும் அவர் பொதுவில் வைத்தார். தொடங்கியதை அறிவிக்கும் ஏடுகள் நிறைய உண்டு. கைவிட்டதை அறிவிப்பவை குறைவு.

என் குறிப்பேட்டை மீண்டும் திறந்தேன். அதன் முடிவு ஒரு வரிதான்: இந்த எட்டுப் பொருள்களும் காரணமல்ல. மருத்துவரிடம் காட்டியபோது, அப்படியானால் விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணமின்றிப் பட்டினி கிடப்பதும் நோய்தான் என்றார். தொல்லையின் மூலத்தை வேறு வழியில் தேடிக்கொண்டிருக்கிறோம். இரவில் அரிப்பு இன்னும் வருகிறது.

ஊருக்குப் போனபோது தாயாரிடம், பத்தியம் முடிந்துவிட்டது, பலனில்லை என்றேன். அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மதியம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தார். உண்டு முடித்து, குறிப்பேட்டில் தேதியிட்டு அதையும் எழுதிவைத்தேன்.