பகுதிநேரக் கணக்கு

திருச்சுழிப் பக்கம் கர்ணமாக, அதாவது கிராமக் கணக்கராக இருந்த என் தாத்தா எழுதிய கடைசி அடங்கல் நோட்டு, அதாவது பயிர்க் கணக்கு, 1390-ஆம் பசலி ஆண்டுக்கு உரியது. அரசுக்கு ஒப்படைத்த நோட்டு வேறு. இது அவர் வீட்டில் வைத்துக்கொண்ட நகல். சர்வே எண், பட்டாதாரர் பெயர், கம்பு, சோளம், பருத்தி, மல்லி என்று கட்டம் கட்டமாக இறங்கி வரும் எழுத்து ஒரு பக்கத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் கோடுகள்தான்.

அந்தப் பசலி நடக்கும்போதே, 1980 நவம்பர் நடுவில், ஓர் அவசரச் சட்டம் வந்தது. தமிழ்நாடு முழுக்க மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒரே நாளில் ஒழிந்தன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதல்வரானார். அவருடைய அரசே இதைச் செய்தது என்பது திருச்சுழிப் பக்கத்துக் கர்ணங்களுக்குக் கூடுதல் வலி. மறு ஆண்டு அந்த அவசரச் சட்டம் முழுச் சட்டமானது. அதன் பெயரிலேயே, 'பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள்' என்று இருக்கும். வேலை போனதைக் காட்டிலும் அந்தப் 'பகுதிநேரம்' என்ற சொல்தான் தாத்தாவைச் சுட்டது. "ராத்திரி பகல் பாக்காம சங்கிலி பிடிச்சு அளந்தவனுக்குப் பகுதிநேரமாம்" என்பார்.

இன்று நான் அருப்புக்கோட்டையில் ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். தாத்தாவிடம் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஆனாலும் அந்தச் சொல் சரியான சொல்தான். கர்ணத்துக்குக் கணக்கு ஒரு பிழைப்பு, வெள்ளாமை இன்னொரு பிழைப்பு. சம்பளம் சொற்பம் என்பதாலேயே மற்ற தொழில் பார்க்க அவருக்குத் தடை இல்லாமல் இருந்தது. எங்கள் பக்கம் ராமநாதபுரம் ஜமீன் பூமி. கர்ணம் பதவிக்கு ஜமீன் ஊர்களில் 1894-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுக்கு நேராகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி ஊர்களில் 1895-ஆம் ஆண்டுச் சட்டம். அப்பன் பதவி மகனுக்கு என்ற முறையை உச்ச நீதிமன்றம் கசுலா தசரத ராம ராவ் வழக்கில் உடைத்தது. 1980 ஒழிப்பை எதிர்த்துக் கர்ணங்கள் போட்ட வழக்கில், பதவியை எடுத்துவிடுவது அரசின் கொள்கை, அது யாருக்கும் தண்டனை ஆகாது என்று 1982-ல் அதே நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

இரண்டு பிழைப்பு இல்லாமல் இந்தக் கரிசலில் யாரும் காலந்தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் வருசத்துக்கும். தை, மாசியில் களத்து வேலை முடிந்தால் ஆவணி வரைக்கும் மானாவாரிக் காட்டில் சம்சாரிக்கு என்ன வேலை? வேலிக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். அருப்புக்கோட்டைத் தெருக்களில் நெசவுக்குப் பாவு ஓட்ட, தார் சுற்றப் போவார்கள். பின்னால் மில்கள் வந்தன, மில்லுக்குப் போனார்கள்.

காட்டை நம்பாதவருக்கும் இதே கதைதான். திருச்சுழி சுந்தரம் அய்யரை ரமண மகரிஷியின் தந்தை என்றுதான் உலகம் அறியும். அவர் வாழ்க்கையைத் தொடங்கியது ஒரு கிராமக் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய்க்கு எழுத்து வேலை பார்த்து. பிறகு மனு எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு உள்ளூர் மாஜிஸ்திரேட் முன்னால் வாதாட அனுமதி பெற்று வக்கீலானார். 1892-ல் இறந்துபோனார். அந்தக் குண்டாற்றங்கரைச் சிற்றூரில் எழுத்தை மட்டும் நம்பிய ஒருவர் எத்தனை படி மாறி ஏற வேண்டியிருந்தது என்பதைத் தாத்தா ஒரு புராணம்போலச் சொல்வார்.

இப்படி இரண்டு பிழைப்பு பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் கட்டிய வரியை நினைத்துப் பார்க்கிறேன். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் தறி இறை, செக்கிறை என்று வரும். வரி தறிக்கு, வரி செக்குக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் மொதர்பா என்ற பெயரில் அதுவே தொடர்ந்தது. தறி வைத்திருப்பவன் தறிக்குக் கட்டினான். அவனிடமே ஏரும் இருந்தால் நிலத்துக்குத் தீர்வையும் கட்டினான். இரண்டையும் ஒருவனே செய்கிறானா, அவனுக்கு மொத்தம் எவ்வளவு வருகிறது என்று எவரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்கும் வழக்கம் 1860-ல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வருமான வரியோடு வந்தது. அதை ஒட்டி மொதர்பா போனது. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் வருசம் 500 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் வரி இல்லை என்றது. வெள்ளாமை வருமானத்தையும் வரிக்கு வெளியே நிறுத்தியது. இன்றும் அது வெளியேதான் நிற்கிறது. ஆனால் 1973-ல் வந்த முறைப்படி, வெள்ளாமை வருமானம் இப்போது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரிக்கு உட்படும் அளவில் இருந்தால், வீதம் கணக்கிடுவதற்கு மட்டும் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். "காட்டு வருமானத்த எதுக்குக்கா கேக்குறீங்க?" என்று சலித்துக்கொள்ளாத சம்சாரி வீட்டுப் பிள்ளை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஓர் ஆளின் பிழைப்புகளை எல்லாம் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஒளிப்பதும் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அதற்கு விலை கொடுத்தவர் என் அப்பா.

அவர் ஒரு மில்லில் பதிலி. காலை ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவராவது வரவில்லை என்றால் மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் தூக்குச்சட்டியோடு திரும்ப வேண்டியதுதான். சில வாரம் 6 நாளும் வேலை, சில வாரம் ஒரு நாள்கூட இல்லை. அதனால் இன்னொரு மில்லில் ராத்திரி ஷிப்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இதைத் தடுத்தது: ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலைக்கு விடக் கூடாது. நல்ல பிரிவு. ரிங் பிரேம் முன்னால் 8 மணி நேரம் நடந்தவன் மறுபடி 8 மணி நேரம் நடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் காலையில் கேட்டில் நின்று திரும்பிய பதிலிக்கு அன்றைய சோற்றுக்கு வழி சொல்ல அந்தப் பிரிவில் இடம் இல்லை.

அப்பா இரண்டாவது மில்லில் சேர்ந்தது எங்கள் சின்ன மாமா பெயரில். டோக்கன் மாமா பெயரில், இ.எஸ்.ஐ. அட்டை மாமா பெயரில், பி.எப். பிடித்தமும் மாமா பெயரில். காலையிலும் வேலை கிடைத்து ராத்திரியும் போன ஒரு நாளில், விடியற்காலை 4 மணிக்கு, ஓடுகிற மிஷினில் சுற்றிய பஞ்சை எடுக்கக் கையை விட்டார். இடது கையில் இரண்டு விரல் போனது. அடிபட்டவர் ஒருவர், அட்டையில் இருப்பவர் வேறொருவர். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு வேலையும் போகும், மாமாவும் மாட்டுவார். தனியார் ஆஸ்பத்திரியில், அம்மாவின் தோட்டை அடகு வைத்துத் தையல் போட்டார்கள். ஊன இழப்பீடு என்று மாதாமாதம் வந்திருக்க வேண்டிய பணம் ஒரு பைசாகூட வரவில்லை. வேலை பார்த்த கை அவருடையது என்பதற்கு எந்தக் கணக்கிலும் அத்தாட்சி இல்லை.

என்னிடம் இரண்டு வேலைக் கணக்கோடு யார் வந்தாலும் எனக்கு அந்தக் கைதான் கண்முன் வரும்.

2020 ஊரடங்குக்குப் பிறகு அப்படி நிறையப் பேர் வந்தார்கள். கம்பெனி சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். பையன் திருச்சுழி ரோட்டில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பான். சாயந்திரம் இன்னொரு வேலை. 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை இந்தக் காரணத்துக்காக நீக்கியதாகச் செய்தி வந்த வாரம், இரண்டு பேர் முகம் வெளிறி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மாமா பெயரில் ஒளிகிற வசதி இப்போது இல்லை. 2014-ல் வந்த, ஆளுக்கு ஒன்றான யு.ஏ.என். எண்ணில் இரண்டு கம்பெனியின் பி.எப்.பும் ஒரே பக்கத்தில் தெரியும். பான் எண்ணில் இரண்டு சம்பளமும் தெரியும்.

போன ஜனவரியில் ஒரு தம்பி வந்தான். முதல் வேலையில் வருசம் 10 லட்சம். ராத்திரியில் ஆன்லைன் வகுப்பு எடுக்கிற பகுதிநேரச் சம்பளம் 4 லட்சம். "ரெண்டு எடத்துலயும் வரியே பிடிக்கலக்கா, அப்ப எனக்கு வரி இல்லதான?" என்றான். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். 2025-26 புதிய வரி முறைப்படி, சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை வரி கிடையாது. இரண்டு முதலாளியும் தத்தம் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தனித்தனியாக அந்தக் கழிவைக் கொடுத்துவிட்டு வரி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். கூட்டினால் 14 லட்சம். கழிவு ஒரு முறைதான். மிச்சம் 13,25,000, அதற்கு வரி, 4 சதவீத மேல்வரியோடு 81,900 ரூபாய். மார்ச் தாண்டிக் கட்டினால் வட்டியும் சேரும்.

முதலில் அவன் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். முதலாளியின் நலனைப் பாதிக்கிற இன்னொரு வேலை கூடாது என்பது தொழிற்சாலைகளின் மாதிரி நிலையாணைகளிலிருந்தே வருகிற பழைய விதி. கம்பெனிக் கடிதங்களில் முன் அனுமதி வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். இவனுடையதிலும் இருந்தது. அனுமதி கேட்டு எழுத வைத்தேன். 3 நாள் அவனுக்குத் தூக்கம் இல்லை. வகுப்பு எடுப்பதில் தடை இல்லை என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது. வராதவர்களிடம் ஒன்றை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். பிறகு 12பி படிவம். இரண்டு முதலாளிகளில் ஒருவரிடம் மற்றவர் தருகிற சம்பளத்தை எழுதிக் கொடுத்தால், அவரே மொத்தத்துக்கும் வரி பிடித்துக் கட்டிவிடலாம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், மாதம் 27,300 என்று முடிந்தது. வேலை இரண்டானாலும், தொழில்வரி மட்டும் ஒரே ஆளிடம் ஓர் உள்ளாட்சி வருசத்துக்கு 2,500-க்கு மேல் வாங்கக் கூடாது. 1988-ல் அரசியலமைப்பைத் திருத்தி வைத்த உச்சவரம்பு அது.

படிவத்தை நான் நிரப்பும்போது அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். சாயந்திரங்களில் என் அலுவலகத்துக்கு வந்து காகிதங்களை அடுக்கிக் கொடுப்பார். இடது கையின் மிச்ச விரல்களால் கட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்டி ஓரம் சேர்ப்பார். 12பி-யை எடுத்து, மேலே எழுதியிருந்த பெயரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்டார்.

"ரெண்டாவது எடத்துலயும் ஒம் பேருலதான வேலை பாக்குற?"

"ஆமா அய்யா. எம் பேருலதான்."

சரி என்று தலையசைத்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை அவனிடம் நீட்டினார்.