மூடி அளவும் மில்லி அளவும்: பூச்சிக்கொல்லியைப் பரிந்துரைப்போரின் விழிப்புணர்வு குறித்து

தமிழ்நாட்டு உழவர் பேச்சில் பூச்சிக்கொல்லிக்கு ‘மருந்து’ என்றே பெயர். தெளிப்பது மருந்தடிப்பு, விற்கும் இடம் மருந்துக்கடை. நஞ்சு என்ற நினைப்பையே ஒதுக்கிவிட்ட இவ்வழக்கு, கடைக்காரரை வைத்தியர் இடத்தில் அமர்த்திவிடுகிறது. வேளாண் விரிவாக்க மையம் பூட்டிய பிறகும் உரக்கடை திறந்திருக்கும், கடனும் கிடைக்கும். புழு அரித்த இலையைக் கையில் பிடித்தபடி உழவர் அங்கேதான் போகிறார். எனவே ஆலோசகரின் விழிப்புணர்வை ஆராய்வோர் அலுவலருக்கு முன்பாகக் கடைக்காரரைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் கையுறை, முகக்கவசம், டப்பா லேபிளிலுள்ள முக்கோணத்தின் நிறம் பற்றிக் கேட்கின்றன. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று ஒப்பித்தவருக்கு மதிப்பெண் உண்டு. இந்த அளவுகோல் போதாது என்பது என் வாதம். கடைக்காரர் என்ன சொல்லி விற்கிறார் என்பதை இவ்வினாக்கள் எட்டுவதில்லை.

கலவைப் பரிந்துரையைப் பாருங்கள். புரொஃபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் இரண்டும் ஆர்கனோபாஸ்பேட் வகை. பூச்சியிலும் மனிதரிலும் அவை முடக்குவது அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் என்ற ஒரே நொதியை. டப்பாவும் வணிகப் பெயரும் வேறு என்பதால் உழவருக்கு அவை இரண்டு மருந்துகள். ஒன்றுக்கு மசியாத புழுவுக்கு மற்றொன்றையும் கலந்து அடிக்கச் சொல்பவர் புழுவைப் புது வழியில் தாக்கவில்லை; தெளிப்பவர் உடலில் அதே வகை நஞ்சின் சுமையைக் கூட்டுகிறார். இதைச் சொல்லும் அவர் நிறங்களைப் பிழையின்றி அடையாளம் காட்டக்கூடியவராகவும் இருக்கலாம். அளவும் அப்படித்தான்: ‘டேங்குக்கு ரெண்டு மூடி’. எந்த டப்பாவின் மூடி? டேங்க் பத்து லிட்டரா, பதினாறா?

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த செடி, புழுக்கமான வானிலை, பல மருந்துகளைக் கலந்தடித்தல் ஆகியவை காரணங்களாகப் பேசப்பட்டன. தலைக்கு மேலே தெளிக்கும்போது சாரல் முகத்தில் விழும். அங்கே கையுறை பற்றிய அறிவு எவ்வளவு தூரம் காப்பாற்றும்? (நம் ஊர் வெயிலில் முழு உடுப்பு அணிந்து ஒரு ஏக்கர் தெளித்துப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்திருக்க மாட்டார்கள்.)

சட்டத்திலும் இதே குறை தெரிகிறது. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதே 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வித்து. பதிவு, உரிமம், லேபிள் ஆகியவற்றை நுணுக்கமாக வகுத்த அச்சட்டம், கடை மேசையில் வாய்மொழியாகச் சொல்லப்படும் பரிந்துரையைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. விற்பனையாளருக்குக் கல்வித்தகுதி வேண்டும் என்ற விதி 2015இல்தான் வந்தது. பழைய கடைக்காரர்களுக்காகப் பின்னர் தளர்ந்தது. ஹைதராபாத்திலுள்ள வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜ் இடுபொருள் விற்பனையாளருக்கென 2003இல் தொடங்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பு மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் படிப்பு அறிவைத் தரும், வருமானக் கணக்கை மாற்றாது. ‘இப்போது அடிக்க வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள்’ என்று சொல்லும் கடைக்காரருக்கு அன்றைக்கு ஒரு ரூபாயும் கிடைப்பதில்லை. அறியாமை என்று நாம் பதிவுசெய்வதில் ஒரு பகுதி, உண்மையில் இந்த முரண்.

விற்பனைக்கு ரசீது தருவது ஏற்கெனவே விதி. பயிரின் பெயர், லிட்டருக்கு எத்தனை மில்லி, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் என்பவற்றையும் அதில் எழுதச் செய்யலாம். எழுதிக் கொடுத்த பரிந்துரைக்குப் பொறுப்பு உண்டு; வாய்ச்சொல்லுக்கு இல்லை. வயலில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிவருவோர் அந்தத் தாளை நீட்டினால், அட்ரோபின் என்ற முறிமருந்து தேவைப்படும் வகை நஞ்சா என்று மருத்துவர் விரைவில் ஊகிக்க முடியும். ஆய்வாளர்களும் அடுத்த முறை வினாத்தாளைச் சற்று ஒதுக்கிவைத்து, கடையின் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.